விண்வெளியும் நட்சத்திரங்களும் சார்ந்த ஆங்கிலத்தை எப்படிப் படிப்பது?

தண்டையார்பேட்டையில் தமிழ்வழியில் பள்ளிப் படிப்பை முடித்து, இப்போது பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கும் நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் விண்வெளி, நிலா, நட்சத்திரம் பற்றிய ஆங்கிலச் சொற்களையும் மரபுத்தொடர்களையும் தமிழ்ப் பொருளோடு பட்டியலாகக் கொடுத்தார்கள், மனப்பாடம் செய்தும் பேசும்போது அவை வாயில் வருவதில்லை, வந்தாலும் கேட்பவர் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார், இவற்றை எப்படிப் படிப்பது, கேம்பஸ் இன்டர்வியூவில் பயன்படுத்தலாமா?

வண்ணாரப்பேட்டையில் மாலை நேரத்தில் ஆங்கில வகுப்பு எடுப்பவன் என்ற முறையில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் சிக்கல் நினைவாற்றலில் இல்லை. ஒரு தொடரின் பொருள் தெரிந்துவிட்டால் பாதி வேலைதான் முடிகிறது. அதை யார் யாரிடம் சொல்லலாம், பாராட்டாகவா குத்தலாகவா விளையாட்டாகவா சொல்கிறார்கள், அதனுடன் எந்தச் சிறு சொல் ஒட்டிக்கொண்டு வருகிறது என்பவை மீதிப் பாதி. பட்டியல்கள் இந்த மீதிப் பாதியைத் தருவதில்லை. ஆகவே குறைவான தொடர்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் அதன் தொனியோடு சேர்த்துப் படிப்பதே பயன் தரும்.

தனிச்சொற்களை விரைவாகப் பார்த்துவிடலாம், ஏனெனில் அவற்றில் பொருள் குழப்பம் குறைவு. இலக்கணக் குழப்பமே அதிகம். விண்வெளி என்ற பொருளில் வரும் ‘ஸ்பேஸ்’ என்ற சொல்லுக்கு முன் ‘தி’ வராது. ‘இன் ஸ்பேஸ்’ என்பதே சரி. ‘இன் தி ஸ்பேஸ்’ என்றால் ஏதோ ஒரு குறிப்பிட்ட காலி இடம், வண்டி நிறுத்தும் இடம் போல, என்று ஆகிவிடும். மாறாக ‘தி மூன்’, ‘தி சன்’, ‘தி ஸ்கை’, ‘தி யூனிவர்ஸ்’ ஆகியவற்றுக்கு ‘தி’ கட்டாயம் வேண்டும். ‘மார்ஸ்’, ‘வீனஸ்’ போன்ற கோள்களின் பெயர்களுக்குக் கூடாது. தமிழில் இப்படியொரு சொல்லே இல்லாததால் நம் காது அதைப் பொருட்படுத்துவதில்லை. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 தரையிறங்கியதும் இஸ்ரோவின் அப்போதைய தலைவர் எஸ். சோமநாத் சொன்ன ‘இந்தியா இஸ் ஆன் தி மூன்’ என்ற வாக்கியத்தை அப்படியே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ‘தி’ எங்கே வருகிறது, நிலவின் தரைமேல் இருப்பதற்கு ‘இன்’ வராமல் ‘ஆன்’ வருகிறது என்ற இரண்டும் அந்த ஒரு வாக்கியத்திலேயே அடங்கிவிடுகின்றன.

அதேபோல நாம் ‘சுற்றுகிறது’ என்ற ஒரே வினையால் சொல்லிவிடும் இரண்டு செயல்களை ஆங்கிலம் பிரித்துச் சொல்லும். பூமி தன் அச்சில் சுழல்வது ‘ரொட்டேட்’. சூரியனைச் சுற்றி வருவது ‘ரிவால்வ்’ அல்லது ‘ஆர்பிட்’. வானத்திலிருந்து விழும் கல்லுக்கோ மூன்று பெயர்கள் உண்டு: விண்வெளியில் திரியும் வரை ‘மீட்டியராய்ட்’, காற்றில் உரசி எரிந்து ஒளிக்கீற்றாகத் தெரியும்போது ‘மீட்டியர்’, எரிந்தது போக மிஞ்சித் தரையில் கிடப்பது ‘மீட்டியரைட்’. எரிகல் எப்போதும் கீழ்நோக்கித்தான் விழுகிறது என்றாலும், ஒருவர் மிக வேகமாக முன்னுக்கு வந்தால் ‘மீட்டியாரிக் ரைஸ்’ என்கிறார்கள். வேகத்தையும் பளிச்சென்ற ஒளியையும் எடுத்துக்கொண்டு, விழுவதை வசதியாக மறந்துவிட்ட தொடர் அது.

‘ஸ்டார்’ என்ற சொல்லில் தமிழர்களுக்கென்றே ஒரு வழுக்கல் இருக்கிறது. கல்யாணப் பேச்சு நடக்கும் வீட்டில் ‘உங்க நட்சத்திரம் என்ன?’ என்று கேட்பது போல ஆங்கிலத்திலும் ‘வாட் இஸ் யுவர் ஸ்டார்?’ என்று கேட்டுவிடுகிறோம். நம்மூரில் இது செல்லும். வெளிநாட்டுக்காரருக்குப் புரியாது, அல்லது உங்களுக்குப் பிடித்த நடிகர் யார் என்று கேட்பதாக நினைப்பார். அவர்கள் பேசுவது ‘ஸ்டார் சைன்’ பற்றி. அது பன்னிரண்டு ராசிகளில் ஒன்று. அதிலும் பிறந்தபோது சூரியன் இருந்த ராசி. நம் ஜாதகம் ராசி என்று சொல்வது சந்திரன் இருந்த வீட்டை. நட்சத்திரம் என்பது இருபத்தேழில் ஒன்று. ஆகவே ‘ஐ ஆம் ரோகிணி’ என்று நீங்கள் சொன்னால், அது உங்கள் பெயர் என்றே அவர் எடுத்துக்கொள்வார்.

சோதிடத்தைத் தொட்டதால், நமக்கு மிக எளிதாக விளங்கக்கூடிய ஒரு பகுதியை இங்கேயே விரிவாகச் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பியர்களும் ஒரு காலத்தில் நம்மைப் போலவே, மனிதனின் குணத்தையும் நேரத்தையும் கோள்கள் தீர்மானிக்கின்றன என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கை பெருமளவு போய்விட்டது. சொற்கள் மட்டும் தங்கிவிட்டன. ‘ஜோவியல்’ என்றால் கலகலப்பானவர். ஜோவ் என்பது வியாழனின் இன்னொரு பெயர். வியாழனின் ஆட்சியில் பிறந்தவர் சிரித்த முகமாக இருப்பார் என்பது அவர்கள் கணக்கு. ‘குரு பார்க்கக் கோடி நன்மை’ என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது மறக்கவே மறக்காது. ‘சாட்டர்னைன்’ என்றால் சிடுசிடுப்பும் இறுக்கமும் கொண்ட முகம். ‘சாட்டர்ன்’ என்பது சனி என்று சொன்னால் போதும், வேறு விளக்கம் தேவைப்படாது. ‘மார்ஷியல்’ என்பது போர் தொடர்பானது. போர்த்தெய்வமான மார்ஸின் பெயர் செவ்வாய்க்கு உண்டு, நம் மரபிலும் செவ்வாய் சண்டைக்கார கிரகம்தான். ‘மார்ஷியல் ஆர்ட்ஸ்’ என்று கராத்தே வகுப்புப் பலகையில் பார்க்கும் சொல்லும், ராணுவ நீதிமன்றத்தைக் குறிக்கும் ‘கோர்ட் மார்ஷியல்’ என்பதில் வரும் சொல்லும் இதுவே.

ஆனால் ‘மெர்க்யூரியல்’ என்ற சொல்லில் கவனம் வேண்டும். நமக்குப் புதன் என்றால் அறிவு, படிப்பு. ‘பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது’ என்று நல்ல நாளாகவும் சொல்வோம். ஆங்கிலச் சொல்லோ, காலையில் ஒரு மனநிலை, மாலையில் வேறொரு மனநிலை என்று நொடிக்கு நொடி மாறுகிறவரைக் குறிக்கிறது. கலைஞர்களைப் பற்றிச் சொல்லும்போது அதில் கொஞ்சம் வியப்பு கலந்திருக்கும். மேலதிகாரியைப் பற்றிச் சொன்னால் முழுக்கப் புகார்தான். ‘லூனாட்டிக்’ என்பதையும் இங்கேயே சேர்த்துச் சொல்ல வேண்டும். நிலவின் லத்தீன் பெயரான ‘லூனா’விலிருந்து, நிலவால் புத்தி பேதலித்தவர் என்ற பொருளில் வந்த சொல் அது. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை பத்தொன்பதாம் நூற்றாண்டில் ‘லூனாட்டிக் அசைலம்’ என்றே அழைக்கப்பட்டது. 1912-இல் இயற்றப்பட்ட இந்திய லூனஸி சட்டம், 1987-இல் இயற்றிய மனநலச் சட்டம் 1993-இல் அமலுக்கு வரும் வரை நடப்பில் இருந்தது. இன்று அந்தச் சொல்லை ஒரு மனிதரைக் குறிக்கப் பயன்படுத்துவது புண்படுத்தும் பேச்சு. படித்தால் புரிந்துகொள்ளுங்கள், பேசாதீர்கள்.

‘டிசாஸ்டர்’ என்ற அன்றாடச் சொல்லுக்குள்ளும் ஒரு நட்சத்திரம் ஒளிந்திருக்கிறது. கெட்ட நட்சத்திரத்தின் பலன் என்ற பொருளுள்ள இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது அது. நம்மவர்கள் ‘கிரகம் சரியில்லை’ என்று சொல்வதும் கிட்டத்தட்ட அதுவே. ‘இன்ஃப்ளுயன்ஸா’ காய்ச்சலும் வானத்தின் தாக்கத்தால் பரவுவதாக இத்தாலியர்கள் நினைத்து வைத்த பெயர். பிறப்புக் கதை தெரிந்தால் சொல் நினைவில் நிற்கும் என்பதற்காகத்தான் இவற்றைச் சொல்கிறேன். பேசும்போது இந்தக் கதைகள் எதுவும் தேவைப்படாது.

இனி நிலா. ஒரே நிலவை வைத்து முற்றிலும் எதிரெதிர்த் தொனியில் இரண்டு தொடர்கள் இருக்கின்றன. ‘ரீச் ஃபார் தி மூன்’ அல்லது ‘ரீச் ஃபார் தி ஸ்டார்ஸ்’ என்பது உயர்ந்த குறிக்கோளோடு முயல்வதைக் குறிக்கும் ஊக்கச் சொல். ‘ஆஸ்க் ஃபார் தி மூன்’ என்பது கண்டிப்பு: நடக்காததைக் கேட்காதே என்று பொருள். சம்பளத்தைக் கொஞ்சம் கூட்டிக் கேட்கும் ஊழியர், தன் கோரிக்கை நியாயமானது என்பதைக் காட்ட, ‘ஐ ஆம் நாட் ஆஸ்கிங் ஃபார் தி மூன்’ என்பார். இத்தொடர் பெரும்பாலும் இப்படி எதிர்மறையில்தான் வரும். மூன்றாவதாக ‘ப்ராமிஸ் தி மூன்’ இருக்கிறது. தேர்தல் நேரத்தில் தெருமுனைக் கூட்டங்களில் கேட்கும் வாக்குறுதிகளுக்குப் பொருத்தமான தொடர் அது. நாம் ‘வானத்தை வில்லாக வளைப்பேன், மணலைக் கயிறாகத் திரிப்பேன்’ என்று கிண்டலாகச் சொல்வதற்குப் பக்கத்தில் வருவது. சொல்லப்படுகிறவருக்கு இதில் பெருமை எதுவும் கிடையாது.

‘ஓவர் தி மூன்’ என்றால் மகிழ்ச்சியில் தலைகால் புரியாமல் இருப்பது. பிரிட்டனில் 1970-களில் தொலைக்காட்சிப் பேட்டி கொடுத்த கால்பந்துப் பயிற்சியாளர்களும் வீரர்களும் வென்றபோதெல்லாம் இதையே சொல்லிச் சொல்லி, அது கேலிக்குரிய தேய்ந்த வாசகமாகவே ஆகிவிட்டது. வியாசர்பாடியில் ஒரு போட்டி முடிந்து கோப்பையோடு வரும் பையன் இதைச் சொன்னால் அவ்வளவு இயல்பாக இருக்கும். அதே தொடரைக் கல்லூரி முதல்வருக்கு எழுதும் நன்றிக் கடிதத்தில் எழுதினால் இடம் தெரியாமல் பேசியதாக ஆகும்; அங்கே ‘டிலைட்டட்’ போதும். என் மாணவர்களின் நோட்டுகளில் அடிக்கடி காண்பது ‘ஐ ஆம் ஓவர் மூன்’ என்ற வடிவம். ‘தி’ போனதும் அது மரபுத்தொடராகவே இல்லாமல், நிலவுக்கு மேலே மிதக்கும் ஒருவரின் முகவரி போலத் தெரிகிறது. மகிழ்ச்சிக்கான காரணத்தைச் சொல்ல வேண்டுமானால் ‘அபவுட்’ சேர்க்க வேண்டும்: ‘ஷீ இஸ் ஓவர் தி மூன் அபவுட் ஹர் ரிசல்ட்ஸ்.’

‘ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்’ என்பதற்கு நம்மிடம் அச்சு அசலான இணை இருக்கிறது: அத்தி பூத்தாற்போல. இதன் பின்னணியில் ஒரு சுவையான செய்தியும் உண்டு. ஒரே ஆங்கில மாதத்தில் இரண்டு பௌர்ணமி வந்தால் இரண்டாவதை ‘ப்ளூ மூன்’ என்று இன்று எல்லாரும் சொல்கிறார்கள். இந்த விளக்கம் 1946-இல் ஓர் அமெரிக்க வானியல் இதழில் பழைய பஞ்சாங்க விதி ஒன்றைத் தவறாகப் புரிந்துகொண்டு எழுதிய கட்டுரையிலிருந்து பரவியது. மரபுத்தொடரோ அதற்கு முன்பே இருந்தது. அப்படிப்பட்ட பௌர்ணமி ஏறக்குறைய இரண்டரை ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்துவிடும். 2023 ஆகஸ்டிலும் வந்தது. ஆனாலும் ஊரிலிருந்து வரும் மாமாவைப் பற்றி ‘ஹி விசிட்ஸ் அஸ் ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்’ என்று சொன்னால், இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை வருகிறார் என்று யாரும் கணக்குப் போட மாட்டார்கள். வருவதே அபூர்வம் என்றுதான் கொள்வார்கள். நிலா நிறம் மாறுவதில்லையா என்று கேட்பீர்கள். 1883-இல் கிரக்கடோவா எரிமலை வெடித்த பிறகு, காற்றில் கலந்த தூசியால் நிலா உண்மையிலேயே நீலமாகத் தெரிந்ததாகப் பதிவுகள் உண்டு.

நட்சத்திரத் தொடர்களில் ‘சீ ஸ்டார்ஸ்’ என்பதை வடசென்னையில் விளக்கவே தேவையில்லை. ராயபுரத்திலும் காசிமேட்டிலும் பாக்சிங் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, தாடையில் ஒரு குத்து விழுந்ததும் கண்ணில் பொறி பறப்பது எப்படி என்று தெரியும், அதுவே இது. அடிபட்டால்தான் சொல்ல வேண்டும். வானத்தைப் பார்த்ததைச் சொல்ல ‘ஐ சா தி ஸ்டார்ஸ்’ என்று ‘தி’ சேர்ப்பது நல்லது. ‘தேங்க் யுவர் லக்கி ஸ்டார்ஸ்’ என்பது வெறும் அதிர்ஷ்டத்தைக் குறிப்பதில்லை. ஏதோ ஒரு கெடுதலிலிருந்து மயிரிழையில் தப்பியவரிடம் சொல்வது. முதல் வகுப்பில் தேறியவரிடம் அதைச் சொன்னால், படிக்காமலே தப்பித்தாய் என்று சொன்னதாக ஆகிவிடும்.

‘ஆஃப் தி ஃபர்ஸ்ட் மேக்னிட்யூட்’ என்ற தொடர் நம் ஊரோடு ஓர் உறவு கொண்டது. கண்ணுக்குத் தெரியும் விண்மீன்களை ஒளியின்படி ஆறு படிகளாகப் பிரித்து, மிகப் பிரகாசமானவற்றை முதல் படியில் வைப்பது பழைய வழக்கம். ஐந்து படி வேறுபாடு என்றால் ஒளியில் சரியாக நூறு மடங்கு வேறுபாடு என்று 1856-இல் அதற்கு ஒரு கணித அளவைத் தந்தவர் நார்மன் போக்சன். அவர்தான் 1861-இல் நுங்கம்பாக்கத்தில் இருந்த மெட்ராஸ் வானாய்வகத்தின் பொறுப்புக்கு வந்து, அதே ஆண்டு ஏப்ரலில் இங்கிருந்தே ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து அதற்கு ‘ஏஷியா’ என்று பெயரிட்டார். சிறுகோளைக் குறிக்கும் ‘ஆஸ்டராய்ட்’ என்ற சொல்லின் பொருள் நட்சத்திரம் போன்றது என்பது. தொலைநோக்கியிலும் வெறும் ஒளிப்புள்ளியாகவே தெரிந்ததால் வில்லியம் ஹெர்ஷல் 1802-இல் அந்தப் பெயரை முன்வைத்தார். இன்று இந்த ‘முதல் படி’, மிகப் பெரியது என்ற பொருளில், நல்லதற்கும் கெட்டதற்கும் பொதுவாக வருகிறது. ‘எ டிசாஸ்டர் ஆஃப் தி ஃபர்ஸ்ட் மேக்னிட்யூட்’ என்று நாளிதழில் படித்தால், அந்த ஒரே தொடருக்குள் இரண்டு நட்சத்திரச் சொற்கள் இருப்பதைக் கவனியுங்கள். எழுத்து நடைக்கு உரியது இது. பேச்சில் கனமாகத் தெரியும்.

‘நார்த் ஸ்டார்’ என்பது துருவ நட்சத்திரம். சென்னை நிலநடுக்கோட்டுக்கு 13 டிகிரி வடக்கே இருப்பதால், அந்த விண்மீனும் நமக்கு வடக்குத் தொடுவானத்துக்கு 13 டிகிரி மேலே மட்டுமே நிற்கும். கையை நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடித்தால் பத்து டிகிரி, அதற்குச் சற்று மேலே. உங்கள் மொட்டைமாடியிலிருந்து வடக்கே பார்த்தால் எண்ணூர்ப் பக்கத்துப் புகைமூட்டத்தில் அது பெரும்பாலும் மறைந்துவிடும். ஆனால் ஐ.டி. நிறுவனத்துக்கு வேலைக்குப் போனால் தினமும் காதில் விழும்: குழு முழுவதும் நோக்கிப் போக வேண்டிய ஒரே இலக்கை ‘அவர் நார்த் ஸ்டார்’ என்று சொல்வது இப்போதைய அலுவலக வழக்கு. எனக்கு அது சற்று அலுத்துப்போன சொல். நீங்கள் புரிந்துகொண்டால் போதும்.

விண்வெளிப் பயணத்தின் ஆங்கிலத்தில் பல சொற்கள் கடலிலிருந்து வந்தவை. துறைமுகத்துக்குப் பக்கத்தில் வாழ்பவர்களுக்கு இதைவிட நல்ல பிடிமானம் கிடையாது. ‘ஆஸ்ட்ரனாட்’ என்ற சொல்லைப் பிரித்தால் விண்மீன் மாலுமி. ‘காஸ்மனாட்’ அண்டத்து மாலுமி. விண்கலம் ‘ஷிப்’, அதில் இருப்பவர்கள் ‘க்ரூ’, ஏறியிருப்பது ‘ஆன் போர்ட்’, புதிதாகக் கட்டிய கப்பலை நீரில் இறக்குவதற்கும் ராக்கெட்டைச் செலுத்துவதற்கும் ‘லாஞ்ச்’. தமிழும் இதையே செய்திருக்கிறது: மரக்கலத்தில் வரும் ‘கலம்’தான் விண்கலத்திலும் வருகிறது. 2025 ஜனவரியில் இஸ்ரோ இரண்டு செயற்கைக்கோள்களை விண்வெளியில் இணைத்ததை எல்லாச் செய்திகளும் ‘டாக்கிங்’ என்று எழுதின. கப்பல் வந்து அணையும் ‘டாக்’ என்பதிலிருந்து வந்த அந்தச் சொல்லைத் துறைமுகத்தில் வேலை பார்த்த உங்கள் பக்கத்து வீட்டுத் தாத்தா எந்த வகுப்புக்கும் போகாமலே அறிவார்.

ஸ்ரீஹரிகோட்டா நமக்கு வடக்கே சுமார் 80 கிலோமீட்டர்தான். வானம் தெளிவாக இருந்தால், ராக்கெட் கிளம்பும்போது காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் மொட்டைமாடிகளில் ஆட்கள் நின்று, வடக்கில் எழும் நெருப்புப் புள்ளியையும் அதன் பின்னால் வளைந்து நீளும் வெண்புகைக் கோட்டையும் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் கைபேசியில் இஸ்ரோவின் நேரலையையும் போட்டுவிடுங்கள். நம் நாட்டு உச்சரிப்பில், நிதானமாக, குறைந்த சொற்களைத் திரும்பத் திரும்பச் சொல்லும் ஆங்கிலம் அது: ‘கவுன்ட்டவுன்’, ‘லிஃப்ட் ஆஃப்’, ‘பெர்ஃபார்மன்ஸ் நார்மல்’, ‘செப்பரேஷன்’. காதுக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரிந்து இல்லை. ‘ஆல் சிஸ்டம்ஸ் கோ’ என்று எல்லாம் தயார் என்பதைச் சொல்வதும் இந்த ஏவுதள மொழியிலிருந்து அன்றாடப் பேச்சுக்கு வந்ததே.

‘ஹூஸ்டன், வீ ஹேவ் எ ப்ராப்ளம்’ என்பதும் அப்படியே. 1970 ஏப்ரலில் அப்பல்லோ-13 கலத்தில் ஆக்சிஜன் தொட்டி வெடித்தபோது விண்வெளி வீரர்கள் சொன்னது ‘வீ ஹேவ் ஹேட் எ ப்ராப்ளம்’ என்று. பின்னாளில் ஒரு திரைப்படம் அதை மாற்றி நிலைக்க வைத்துவிட்டது. இன்று இது விளையாட்டுப் பேச்சு. ப்ரொஜெக்டர் வேலை செய்யாவிட்டால் சொல்லலாம். யாராவது மயங்கி விழுந்தால் சொல்லக் கூடாது. ‘இட் இஸ் நாட் ராக்கெட் சயின்ஸ்’ என்பதில் இன்னும் கவனம் தேவை. ஒரு வேலை கடினமில்லை என்று உங்கள் வேலையைப் பற்றி நீங்களே சொன்னால் அது அடக்கம். வேறொருவர் திணறிக்கொண்டிருக்கும்போது சொன்னால், இதுகூடத் தெரியவில்லையா என்ற ஏளனம். பெரியவர்களிடம் சொல்லவே வேண்டாம். ‘லைட் இயர்ஸ் அஹெட்’ என்பதில் ‘இயர்’ இருந்தாலும் ஒளியாண்டு என்பது தொலைவு; சுமார் 9.46 லட்சம் கோடி கிலோமீட்டர். அதனால் ‘வெகுதூரம் முன்னால்’ என்பதற்கு அது பொருந்தும், ‘வெகு காலத்துக்கு முன்’ என்பதற்குப் பொருந்தாது.

படிக்கும் முறையைப் பற்றிச் சொல்வதானால், வாரத்துக்கு நான்கைந்து தொடர்களுக்கு மேல் எடுக்காதீர்கள். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் ஆகியவற்றின் மாணவர் அகராதிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றில் பொருளுக்கு முன்னால் ‘இன்ஃபார்மல்’, ‘ஹ்யூமரஸ்’, ‘ஓல்டு ஃபேஷன்டு’ போன்ற குறிப்புகள் சிறிய எழுத்தில் இருக்கும். பொருளைப் படிப்பதற்கு முன் அந்தக் குறிப்பைப் படியுங்கள். பிறகு உங்கள் தெரு, உங்கள் வீடு, உங்கள் கல்லூரி பற்றிய ஒரு முழு வாக்கியமாக அந்தத் தொடரை எழுதி, யாரிடம் சொல்வதாக எழுதினீர்கள் என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். கோட்டூர்புரம் பிர்லா கோளரங்கம் வரை போய்வர முடிந்தால், தமிழ்க் காட்சியை முதலில் பார்த்துவிட்டு அடுத்ததாக ஆங்கிலக் காட்சிக்கும் சீட்டு வாங்குங்கள். சொல்லப்படும் செய்தி ஏற்கெனவே தெரிந்திருப்பதால் காது மொழியில் மட்டும் நிற்கும்.

இன்டர்வியூவைப் பொறுத்தவரை, நீங்களாக எந்த மரபுத்தொடரையும் தேடிச் செருக வேண்டாம். தெளிவான எளிய வாக்கியங்களே மதிப்பைத் தரும். ஆனால் ஒரு சொல்லை மட்டும் அறிந்துகொண்டு போங்கள். ‘மூன்லைட்டிங்’ என்பது ஒரு நிறுவனத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டே அதற்குத் தெரியாமல் வேறோர் இடத்திலும் வேலை பார்ப்பது. 2022-இல் இந்திய ஐ.டி. நிறுவனங்களில் இது பெரிய விவாதமாக வெடித்தது. மாலையில் டியூஷன் எடுப்பதாக நீங்கள் சொன்னால், வேலைக்குச் சேர்ந்த பிறகும் அதைத் தொடர்வீர்களா என்று கேட்க வாய்ப்பு உண்டு. நிலவொளியில் உலாவுவதைக் கேட்கிறார்கள் என்று நினைத்து ‘யெஸ், ஐ லைக் இட்’ என்று சொல்லிவிடாதீர்கள். பணி ஒப்பந்தத்தில் பெரும்பாலும் இந்தச் சொல் இருக்காது. ‘டூயல் எம்ப்ளாய்மென்ட்’ என்று இருக்கும். கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்தப் பத்தியைத் தேடிப் படியுங்கள்.